ஒரு கணினி, முப்பது பேர்: நேரப் பகிர்வு என்றால் என்ன?

அவதானக் கலையை நேரில் பார்க்காதவர்களும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவையின் நடுவே அமர்ந்திருக்கும் அவதானியிடம் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் பெரிய எண்களைக் கூறிப் பெருக்கச் சொல்வார். மற்றொருவர் இலக்கியத்தில் ஓர் ஐயத்தைக் கிளப்புவார். வேறொருவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நெல்மணிகளை ஒவ்வொன்றாக எறிவார், எத்தனை விழுந்தன என்று அவதானி கடைசியில் சொல்லியாக வேண்டும். இடையிடையே ஒலிக்கும் மணியோசையையும் எண்ணிக்கொண்டே வர வேண்டும். எட்டுச் செயல்களை இவ்வாறு ஒருசேர நடத்தினால் அது அட்டாவதானம். நூறு என்றால் சதாவதானம். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா அரங்கில் நூறையும் நிகழ்த்திக் காட்டியதால்தான் செய்குத்தம்பிப் பாவலருக்குச் சதாவதானி என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அவதானிக்கு இருப்பது ஒரே வாய். எட்டுக் கேள்விகளுக்கும் அவர் ஒரே நொடியில் விடை சொல்வதில்லை. ஒருவருக்கு வெண்பாவின் முதலடியைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் திரும்புகிறார், அவருக்குப் பெருக்கலில் ஒரு படியைச் சொல்லிவிட்டு மூன்றாமவரிடம் போகிறார், சுற்றி வந்தபின் முதலாமவரிடம் விட்ட இடத்திலிருந்தே இரண்டாம் அடியைத் தொடங்குகிறார். அவர் நம்மைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு கேள்வியாளருக்கும் தோன்றுகிறது. கணினியியலில் நேரப் பகிர்வு, அதாவது டைம் ஷேரிங், என்று சொல்லப்படுவது இந்த உத்திதான். ஒரே செயலகம், அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் பிராசசர், கொண்ட ஒரு கணினி, பலருடைய நிரல்களைச் சிறுசிறு நேரத்துண்டுகளாக மாறிமாறி ஓட்டி, ஒவ்வொருவருக்கும் தமக்கென்றே ஒரு கணினி இருப்பதான உணர்வைத் தருகிறது.

இவ்வளவு எளிய கருத்துக்கு ஏன் ஒரு தனிக் கட்டுரை என்று கேட்கலாம். அவதானிக்கு இயல்பாகவே வாய்த்த இரண்டு வசதிகள் அன்றைய கணினிக்கு இல்லை. முதலாவது, எல்லோருடைய விவரத்தையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்கும் ஆற்றல். இரண்டாவது, ‘போதும், அடுத்தவரைப் பார்க்கிறேன்’ என்றால் மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும் கேள்வியாளர்கள். இவ்விரண்டையும் செயற்கையாக உண்டாக்கியதன் வரலாறே நேரப் பகிர்வின் வரலாறு. அதை ஓர் உண்மையான இயங்குதளத்தை, அதாவது கணினியின் வேலைகளையெல்லாம் மேலாளும் அடிப்படை நிரலை, வைத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் உருவாகி, 1973 வரை இயங்கிய சி.டி.எஸ்.எஸ்., விரித்துச் சொன்னால் கம்பேட்டிபிள் டைம் ஷேரிங் சிஸ்டம், அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

அட்டைக் கட்டும் காத்திருப்பும்

1950களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யின் கணிப்பு மையத்தில் இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி. ஐ.பி.எம். நிறுவனம் வழங்கிய அந்த 704 கணினியின் ஒரு நாளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: எட்டு மணி நேரம் எம்.ஐ.டி.க்கு, எட்டு மணி நேரம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கு, மீதி ஐ.பி.எம். நிறுவனத்துக்கே. அதாவது நூற்றுக்கணக்கான ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு காலந்தள்ள வேண்டியிருந்தது.

நிரல் எழுதியவர் அதைத் துளையிட்ட அட்டைகளாக மாற்றுவார்; ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டைக் கட்டை ரப்பர் வளையம் போட்டு முகப்பில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பலருடைய கட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காந்த நாடாவில் ஏற்றி, அந்த நாடாவைப் பெரிய கணினியில் பொருத்துவார்கள். கணினி ஒரு வேலையை முடித்து அடுத்ததை எடுக்கும். விடைகள் இன்னொரு நாடாவில் சேரும். அந்த நாடா பின்னர் அச்சிடப்படும். இதற்குத் தொகுதிமுறைச் செயலாக்கம் என்று பெயர். காலையில் கொடுத்த கட்டுக்கு விடை மாலையிலோ மறுநாளோ கிடைக்கும். ஓரிடத்தில் காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்த ஒரு செய்தி மட்டுமே அச்சாகி வந்திருக்கும். திருத்திய அட்டையைச் செருகி மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

இதைக் கேட்கும்போது நமக்கு அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய கணக்குப்படி அது நியாயமான ஏற்பாடே. பின்னாளில் வந்த 7094 கணினியின் விலை 30 லட்சம் டாலருக்கும் மேல். அத்தகைய இயந்திரம் ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் ஏற்படும் நட்டம், அதற்காகக் காத்திருக்கும் மனிதரின் ஒரு நாள் ஊதியத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே இயந்திரம் ஓயக்கூடாது, மனிதர் ஓயலாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவரைக் கணினியின் முன் உட்கார வைத்து, அவர் யோசித்து யோசித்துத் தட்டச்சிட, அதுவரை கணினி காத்திருப்பது என்பது கேட்கவே முடியாத ஊதாரித்தனமாக இருந்தது.

இந்த ஊதாரித்தனம் உண்மையில் எவ்வளவு என்பதைப் பின்னர் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் சி.டி.எஸ்.எஸ். பயனர்களை வைத்தே அளந்தார். ஒரு விடை வந்தபின் மனிதர் அதைப் படித்து, யோசித்து, அடுத்த கட்டளையைத் தட்டச்சிட்டு முடிக்கச் சராசரியாகச் சுமார் 35 விநாடி ஆகிறது. அந்தக் கட்டளையை நிறைவேற்றக் கணினிக்குத் தேவைப்படுவதோ சராசரியாக ஒரு விநாடிக்கும் குறைவு. அப்படியென்றால் ஒருவர் மட்டும் அமர்ந்தால் கணினி பெரும்பகுதி நேரம் வெறுமனே காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொருவரை, இன்னும் பலரை நுழைக்க முடிந்தால் இயந்திரமும் ஓயாது, மனிதரும் காத்திருக்க வேண்டியதில்லை. 35ஐ ஒன்றால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை பேரை உட்கார வைக்கலாம் என்பது தெரிந்துவிடும்; ஆள் மாற்றுவதற்கான நேரச்செலவைக் கழித்தபின் சி.டி.எஸ்.எஸ். ஒரே சமயத்தில் சுமார் 30 பேரைத் தாங்கியது.

கருத்து ஷெரின் அளவீட்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1959 ஜனவரி முதல் நாளன்று எம்.ஐ.டி.யின் ஜான் மெக்கார்த்தி, கணிப்பு மையத்தின் இயக்குநரான பிலிப் மோர்ஸுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அட்டைக் கட்டுக்குப் பதிலாகப் பயனர்கள் நேரடியாகக் கணினியோடு உரையாடும்படி அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு பாரிசில் யுனெஸ்கோ நடத்திய மாநாட்டில் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் நேரப் பகிர்வைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர் நினைத்தது சற்று வேறு, ஒரு நிரலர் பிழை திருத்திக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் வேறு வேலைகள் ஓட வேண்டும் என்பது. எம்.ஐ.டி.யில் இந்தக் கருத்துக்கு உடல் கொடுத்தவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, கணிப்பு மையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவரும், மார்ஜரி டேகட், ராபர்ட் டேலி ஆகியோரும் சேர்ந்து 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 கணினியில் முதல் செயல்விளக்கத்தைக் காட்டினார்கள். பயனர்கள் நான்கே பேர்.

அலறும் கடிகாரம்

ஒரு கணினி நிரலை ஓட்டுவது என்பது, நினைவகத்தில் வரிசையாக வைக்கப்பட்ட கட்டளைகளைச் செயலகம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறைவேற்றுவது. இதில் நாம் வழக்கமாகக் கவனிக்காத ஒரு சங்கடம் இருக்கிறது. என் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது செயலகத்தில் வேறு எதுவும் ஓடவில்லை, இயங்குதளமும் ஓடவில்லை. அதுவும் ஒரு நிரல்தானே, செயலகம் ஒன்றுதானே. அப்படியிருக்க, ‘உன் நேரம் முடிந்தது’ என்று என் நிரலிடம் யார் சொல்வது? என் நிரலில் முடிவே இல்லாத ஒரு சுழற்சி தவறுதலாக நுழைந்துவிட்டால், மீதி 29 பேரும் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதானா?

நிரலே அவ்வப்போது இயங்குதளத்திடம் ஆட்சியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். ஆனால் பிழையுள்ள நிரல் அந்த விதியையும் மறந்துவிடும். பிழையுள்ள நிரல்களைத் திருத்துவதற்காகத்தான் மக்கள் கணினியின் முன்னே உட்கார விரும்பினார்கள் என்பதை மறக்கக்கூடாது. எனவே அதிகாரம் நிரலுக்கு வெளியே, வன்பொருளிலேயே இருந்தாக வேண்டும்.

அதற்காகக் கணினியில் ஒரு கடிகாரம் சேர்க்கப்பட்டது. மேற்பார்வை நிரல், அதாவது சூப்பர்வைசர், ஒரு பயனரின் நிரலை ஓடவிடுவதற்கு முன் அந்தக் கடிகாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துவிடும். நேரம் வந்ததும் கடிகாரம் மின்சமிக்ஞை எழுப்பும். செயலகம் என்ன செய்துகொண்டிருந்தாலும் அந்தக் கட்டளையோடு நிறுத்திவிட்டு, முன்பே குறிக்கப்பட்ட ஓர் இடத்துக்குத் தாவும். அந்த இடத்தில் காத்திருப்பது மேற்பார்வை நிரல். இதைத்தான் குறுக்கீடு என்கிறோம். தன்னை நிறுத்தினார்கள் என்பதே பயனரின் நிரலுக்குத் தெரியாது. செயலகத்தின் பதிவகங்களில், அதாவது கையிலிருக்கும் எண்களை அது வைத்துக்கொள்ளும் சிற்றறைகளில், அந்த நொடியில் இருந்த எண்களையும், அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையின் முகவரியையும் மேற்பார்வை நிரல் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபடியும் முறை வரும்போது அவற்றை அப்படியே திருப்பி வைத்தால், நிரல் எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். அவதானி இரண்டாம் அடியைத் தொடங்குவதுபோல.

என் கணிப்பில், நேரப் பகிர்வு முழுவதிலும் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு பொறியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். நேரத்தைக் கொடுப்பதில் எந்த மாயமும் இல்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்குத்தான் கம்பியும் காந்தமும் தேவைப்பட்டன. அன்றைய கணினிகளை வடிவமைத்தவர்கள் ஒரு சமயம் ஒரு நிரல் என்று எண்ணியே செய்திருந்ததால், எம்.ஐ.டி.யினர் ஐ.பி.எம். நிறுவனத்திடம் தனியே கேட்டு இத்தகைய மாற்றங்களைச் செய்து வாங்க வேண்டியிருந்தது.

கேட்டு வாங்கிய இன்னொன்று வேலி. கடிகாரத்தால் நிரலை நிறுத்தலாம்; ஆனால் நிறுத்துவதற்கு முன்பே அது மேற்பார்வை நிரல் இருக்கும் நினைவகப் பகுதியில் கண்டதையும் எழுதி அதை அழித்துவிட்டால் என்ன செய்வது? 1962க்குப் பிறகு பயன்பட்ட 7090, 7094 கணினிகளில் வழக்கமாக ஒரே ஒரு நினைவகத் தொகுதி இருக்கும், எம்.ஐ.டி.யின் கணினியில் இரண்டு வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 36 பிட் கொண்ட 32,768 சொற்கள். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்; கணினி ஒருசேரக் கையாளும் பிட்டுகளின் தொகுப்புக்குச் சொல் என்று பெயர். இன்றைய அளவில் ஒவ்வொன்றும் 144 கிலோபைட், கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. முதல் தொகுதி முழுவதும் மேற்பார்வை நிரலுக்கு, இரண்டாவது பயனருக்கு. பயனரின் நிரல் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிவரை தொடலாம் என்பதை எல்லைப் பதிவகங்கள் காவல் காத்தன. எல்லையைத் தாண்டி ஓர் எட்டு வைத்தாலும் குறுக்கீடு எழும், மேற்பார்வை நிரல் விழித்துக்கொள்ளும்.

நாடாவையும் வட்டையும் அச்சுப்பொறியையும் இயக்கும் கட்டளைகளும் இந்த வேலிக்கு அப்பால் வைக்கப்பட்டன. பயனரின் நிரல் நேரே போய் வட்டில் எழுத முடியாது. ‘இதை எழுதிக் கொடுங்கள்’ என்று மேற்பார்வை நிரலிடம் விண்ணப்பிக்கத்தான் முடியும். இன்று எந்த இயங்குதளத்திலும் ஒரு செயலி கோப்பைத் திறக்கும்போது நடப்பது இதேதான்.

வெங்காயத் தோல்

அடுத்த சிக்கல், எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்கும் ஆற்றல். 30 பேருடைய நிரல்களையும் ஒருங்கே வைத்திருக்க அந்த 32,768 சொற்களில் இடமில்லை. பெரிய நிரல் ஒன்றே முழுவதையும் நிரப்பிவிடும். ஆகவே ஒருவரின் முறை முடிந்ததும் அவருடைய நிரலை நினைவகத்திலிருந்து வெளியே எடுத்து வைத்து, அடுத்தவருடையதை உள்ளே கொண்டுவர வேண்டும். 1961 செயல்விளக்கத்தில் வட்டுகூட இல்லை. நான்கு பயனர்களுக்கும் ஆளுக்கொரு காந்த நாடாப் பெட்டியை ஒதுக்கி, நிரல்களை அதில் எழுதியும் படித்தும் சமாளித்தார்கள். மேற்பார்வை நிரல் அப்போது 5,000 சொற்கள் அளவு இடத்தை எடுத்துக்கொள்ள, மீதி 27,000 சொற்கள் அளவு பயனருக்குக் கிடைத்தது. நாடா சுழன்று முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், கருத்து நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதைக் காட்ட அது போதுமானதாக இருந்தது. பின்னர் வட்டும், அதைவிட விரைவான காந்த உருளையும் வந்து சேர்ந்தன.

அப்படியும் இந்த இடமாற்றம் செலவு மிக்கது. செயலகம் விநாடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றும்; முழு நினைவகத்தையும் உருளைக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதற்குள் அத்தனை கட்டளைகளுக்கான நேரம் வீணாகும். இதைக் குறைக்கச் செய்த ஒரு சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தமானது. நினைவகத்தில் ஒரு பெரிய நிரல் இருக்கிறது, அடுத்து வரவேண்டியது மிகச் சிறியது என்று வைத்துக்கொள்வோம். பெரியது முழுவதையும் வெளியேற்றத் தேவையில்லை. சிறியது உட்காரும் அளவுக்கு மட்டும் அதன் ஓரத்தைப் பெயர்த்து வெளியே வைத்தால் போதும், மீதி அங்கேயே கிடக்கட்டும். சிறியதன் முறை முடிந்து பெரியதே மறுபடி ஓட வேண்டுமென்றால் பெயர்த்த ஓரத்தை மட்டும் திருப்பி வைத்தால் முடிந்தது. ஒன்றின் எச்சத்தின்மேல் இன்னொன்றின் எச்சம் அடுக்கடுக்காக இருப்பதால் இதை வெங்காயத் தோல் முறை என்றே அழைத்தார்கள்.

இடமாற்றத்துக்கு விலை உண்டு என்றதும் யாருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்ற கேள்வி கடினமாகிவிடுகிறது. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துச் சுற்றி வரலாமே என்றுதான் முதலில் தோன்றும். நேரத்துண்டு மிகச் சிறியதாக இருந்தால், ஒரு பெரிய நிரலை உள்ளே கொண்டுவர ஆகும் நேரம் அது ஓடும் நேரத்தைவிட அதிகமாகி, கணினி நாள் முழுவதும் மூட்டை தூக்குவதிலேயே கழித்துவிடும். மிகப் பெரியதாக இருந்தால், ஒரு வரி திருத்த வந்தவர் மற்றவர்களின் நீண்ட கணக்குகள் முடியும்வரை விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

தெருமுனை மளிகைக் கடைக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் மாதச் சாமான் பட்டியலோடு நிற்கும்போது, ஒரு சிறுவன் தீப்பெட்டி கேட்டு வந்தால், பட்டியலை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். பட்டியல்காரருக்கு அதனால் பெரிய தாமதமில்லை. சிறுவனுக்கோ அரைமணி நேரம் மிச்சம். கோர்பட்டோ குழுவினர் 1962இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த பல அடுக்கு வரிசை முறையும் இதே நியாயத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் கடைக்காரருக்குப் பார்த்தவுடன் தெரிவது கணினிக்குத் தெரியாது: வந்திருப்பது தீப்பெட்டியா மாதப் பட்டியலா என்பதை நிரலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எனவே அது ஓடவிட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. புதிதாக வரும் சிறிய நிரல் மேலடுக்கு வரிசையில் நிற்கும். அங்கே முறை சீக்கிரம் வரும், ஆனால் நேரத்துண்டு குறுகியது. அதற்குள் முடிந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் அது ஓர் அடுக்கு கீழே இறக்கப்படும். கீழடுக்கில் முறை தாமதமாக வரும், வரும்போது நேரத்துண்டு இரு மடங்காக இருக்கும். அதிலும் முடியாவிட்டால் இன்னும் கீழே, மறுபடி இரு மடங்கு. உள்ளே கொண்டுவரவே நெடுநேரம் பிடிக்கும் பெரிய நிரல்கள் தொடக்கத்திலேயே கீழடுக்கில் சேர்க்கப்பட்டன; ஒருமுறை தூக்கி வந்தால் சற்றுநேரம் ஓட்டியே அனுப்ப வேண்டும் என்பது கணக்கு. இந்த முறை சிறுசிறு மாற்றங்களோடு இன்றைய இயங்குதளங்கள் பலவற்றிலும் தொடர்கிறது.

பெயரில் உள்ள ஒத்திசைவு

கம்பேட்டிபிள், அதாவது ஒத்திசைவான, என்ற சொல் பெயரில் ஏன் வந்தது? எதனோடு ஒத்திசைவு? அட்டைக் கட்டுகளோடுதான். கணிப்பு மையத்தை நம்பி நூற்றுக்கணக்கானோர் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியின் பெயர் கொண்ட ஃபோர்ட்ரான் மானிட்டர் சிஸ்டம் என்ற தொகுதிமுறை ஏற்பாட்டில் நிரல்கள் எழுதி வைத்திருந்தார்கள். ‘நாளை முதல் எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள்’ என்று சொன்னால் கலகமே வெடித்திருக்கும். ஆகவே அந்தப் பழைய ஏற்பாட்டையே சி.டி.எஸ்.எஸ். தன் பயனர்களில் ஒருவராகப் பின்னணியில் ஓடவிட்டது. முன்னே அமர்ந்திருப்பவர்கள் யோசிக்கும் நேரங்களில் பின்னே அட்டைக் கட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. பழைய நிரல்களில் ஒரு வரிகூட மாற்றத் தேவைப்படவில்லை. கவர்ச்சியற்ற முடிவுதான், ஆனால் புதிய இயங்குதளம் ஒரு செயல்விளக்கத்தோடு மறைந்துபோகாமல் அன்றாடப் பயனுக்கு வந்ததற்கு இந்த அடக்கமே முதற்காரணம் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அதே எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தினர் சொந்தமாக ஓர் இயங்குதளம் செய்தபோது, அதற்கு ஒத்திசைவற்ற நேரப் பகிர்வு அமைப்பு என்று பொருள்படப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

1963 கோடையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பு, ஜே.சி.ஆர். லிக்லைடரின் முயற்சியால், எம்.ஐ.டி.யில் மேக் திட்டம் என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வுக்கு நிதியளித்தது. ராபர்ட் ஃபேனோ அதன் தலைவர். அந்தத் திட்டத்துக்கென்று இரண்டாவது 7094 வாங்கப்பட்டு, அதிலும் சி.டி.எஸ்.எஸ். நிறுவப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பல்வேறு கட்டடங்களில் தட்டச்சுப்பொறி போன்ற முனையங்கள் வைக்கப்பட்டு, தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியோடு தொடர்புகொண்டன. திரை கிடையாது, நீங்கள் தட்டுவதும் கணினி பதில் சொல்வதும் ஒரே காகிதச் சுருளில் அடுத்தடுத்து அச்சாகும்.

லாகின் என்று தட்டச்சிட்டுப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். கட்டளைகளின் பெயர்களும் கோப்புகளின் பெயர்ப் பகுதிகளும் ஆறு எழுத்துக்கு மிகாமல் இருந்தன. இதற்குக் காரணம் வெறும் கணக்கு: ஓர் எழுத்துக்கு 6 பிட், ஒரு சொல்லுக்கு 36 பிட், ஆக ஆறு எழுத்து ஒரே சொல்லில் அடங்கும். ஜெரோம் சால்ட்சர் 1964இல் எழுதிய உரைத் திருத்திக்கு டைப்செட் என்று பெயர் வைக்க விரும்பியபோது, ஆங்கிலத்தில் அது ஏழெழுத்தாகிவிடுவதால் நடுவில் ஒரு ‘இ’யைக் கைவிட்டார். அதனோடு இணைந்து பக்கங்களை ஒழுங்காக அச்சிட்ட ரன்ஆஃப் நிரலுக்குச் சரியாக ஆறெழுத்து.

முப்பது பேர் ஒரே கூரையின் கீழ்

பலர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்டதும், அதுவரை கணினியியலில் யாரும் யோசித்திராத சில கேள்விகள் எழுந்தன. அட்டைக் காலத்தில் உங்கள் நிரல் உங்கள் கைப்பையில் இருந்தது. இப்போதோ எல்லோருடைய கோப்புகளும் ஒரே வட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. என்னுடையதை மற்றவர் பார்க்காமல் எப்படித் தடுப்பது? எனக்கு ஒதுக்கிய நேரத்தை மற்றவர் செலவழிக்காமல் எப்படிக் காப்பது? சாதாரணப் பயனர்களுக்குக் கடவுச்சொல் வைத்த மிக முந்தைய கணினி அமைப்புகளில் சி.டி.எஸ்.எஸ். ஒன்று.

கடவுச்சொல் வந்தவுடனேயே அது களவும் போனது. முன்பு சொன்ன ஆலன் ஷெருக்குத் தம் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. 1962இல் அவர், கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி அட்டை வழியாக விண்ணப்பிக்கும் வசதி ஒன்றைப் பயன்படுத்தி, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடச் சொல்லிவிட்டார். அதுவும் அப்படியே அச்சாகி வந்தது. இதை அவரே பல்லாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். வேலி முழுவதும் முன்வாசலில் இருந்தது. கொல்லைப்புறத்தில் பழைய அட்டைக் காலத்து வழி திறந்தே கிடந்தது.

1966இல் நடந்தது இதைவிடப் பாடம் நிறைந்த விபத்து. அன்று உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் வழக்கமான அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாயின. நடந்தது இதுதான். உரைத் திருத்தி, கோப்பைத் திருத்தும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். அதன் பெயர் எப்போதும் ஒன்றே. ஒரு கோப்பகத்தில் ஒரு சமயம் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற எண்ணத்தில் அப்படி எழுதியிருந்தார்கள். பின்னர் அமைப்பைப் பராமரிப்பவர்களின் வசதிக்காக, அவர்களுக்குரிய கோப்பகத்தில் மட்டும் பலர் ஒரே நேரத்தில் நுழையலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அன்று ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டின் தற்காலிகக் கோப்புகளும் ஒன்றாகி இடம் மாறிவிட்டன. கோர்பட்டோ, கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1990ஆம் ஆண்டுக்காகப் பெற்று ஆற்றிய உரையிலும் இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார். ஒருவருக்கென்று எண்ணிச் செய்த ஒன்றைப் பலர் தொடும்போது எங்கே உடையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை இன்றைய பாடப்புத்தகங்களிலும் காண்பது அரிது.

பகிர்வினால் பகைமை மட்டும் விளையவில்லை. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் அட்டை நகலெடுக்காமலே பயன்படுத்த முடிந்தது. ஒருவருக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் பொதுக் கோப்பகத்தில் அவர் பெயரிட்ட கோப்பை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் தானாகவே உண்டானது. அதைப் பார்த்து, 1965இல் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் என்ற இரு இளைஞர்கள் மெயில் என்ற கட்டளையை எழுதினார்கள். ஒரே கணினியின் பயனர்களுக்குள் ஓடிய அது, மின்னஞ்சலின் முன்னோடிகளில் ஒன்று. ஜோசப் வைசன்பாம் எழுதிய, மனநல மருத்துவரைப் போல உரையாடும் எலைசா என்ற நிரலும் இந்த அமைப்பில்தான் ஓடியது. தட்டச்சிட்டவுடன் பதில் வராவிட்டால் அப்படி ஒரு நிரலை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் அச்சாகி வரும் ஆறுதல் மொழியை யார் கேட்பார்கள்?

லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு வசதி செய்தார். அடிக்கடி தர வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதை ஒரே கட்டளையால் ஓட்டும்படி அமைத்து, ரன்காம் என்று பெயரிட்டார். கட்டளைகளை ஓட்டு என்பதன் சுருக்கம், அதுவும் ஆறெழுத்துதான். இன்று லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் அமைவுகளை எழுதி வைக்கும் கோப்புகளின் பெயர் ‘ஆர்சி’ என்று முடிவதைப் பார்த்திருப்பார்கள். அந்த இரண்டெழுத்து, ரன்காமின் மிச்சம்.

மேக் திட்டத்தினர் 1964 முதல் மல்டிக்ஸ் என்ற அடுத்த, மிகப் பெரிய நேரப் பகிர்வு இயங்குதளத்தைத் திட்டமிட்டார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வுக்கூடமும் அதில் பங்கேற்றன. மல்டிக்ஸின் தொடக்ககால நிரல்கள் சி.டி.எஸ்.எஸ். முனையங்களில் அமர்ந்துதான் எழுதப்பட்டன. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அத்திட்டத்திலிருந்து விலகியது; அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும், இழந்த வசதிகளைச் சிறிய கணினி ஒன்றில் மீட்டெடுக்க முயன்றதன் விளைவாக யூனிக்ஸ் பிறந்தது. எம்.ஐ.டி.யில் பயனர்கள் ஒவ்வொருவராக மல்டிக்ஸுக்கு மாறிச் சென்றார்கள். கடைசி சி.டி.எஸ்.எஸ். கணினியை 1973 ஜூலை 20ஆம் நாள் நிறுத்தினார்கள்.